பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன கிடாய்

எங்கள் கிடாய்க்கு மூத்திரம் அடைத்துக்கொண்டது. இந்த ஒரு வசனத்தைத் தாளில் எழுதவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. வாயால் சொல்வது இதைவிடக் கஷ்டம். ஆனால் அன்று, மலைநாட்டில், மிருக வைத்தியம் படிக்கிற பிள்ளைகள் எட்டுப் பேருக்கு நடுவில் நின்று நான் அதை எட்டுத் தடவை சொல்ல வேண்டி வந்தது.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். வீடு கல்முனையில். வேலை சம்மாந்துறையில் ஒரு அரிசி ஆலையில். எனக்குப் பேச்சு வராது. ஆலையில் மெஷின் ஓடும்போது யார் பேசினாலும் கேட்காது, அதனால் யாரும் பேசுவதில்லை. அந்த வேலையில் நான் இத்தனை வருடம் நிலைத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஒவ்வொரு ஹஜ்ஜுப் பெருநாளுக்கும் எங்கள் வாசல் கேற்றடியில் யாராவது வந்து கூப்பிடுவார்கள். உழ்ஹிய்யா என்ற குர்பானி கொடுத்த வீட்டார் இறைச்சிப் பையோடு நிற்பார்கள். நான் போய்க் கையை நீட்டி வாங்குவேன். மனதோடுதான் தந்தார்கள், நாங்களும் மனதோடுதான் சாப்பிட்டோம். ஆனால் எனக்குள் ஒரு ஆசை இருந்தது. ஒரே ஒரு வருடம், அந்தப் பையோடு நான் இன்னொருவரின் கேற்றடியில் நிற்க வேண்டும். மனைவியிடம் கூட இதை ஒழுங்காகச் சொன்னதில்லை. ஒரு நாள் ஆலையிலிருந்து வரும்போது கறுப்புக் குட்டி ஒன்றைச் சாக்கில் போட்டுக்கொண்டு வந்தேன். அவள் பார்த்தாள்.

"உழ்ஹிய்யாவுக்கா?"

"ஓம்."

அவ்வளவுதான் பேசினோம். ஆடு என்றால் இரண்டு வயது நிறைய வேண்டும். எனவே அதை இரண்டு வருடம் வளர்க்க வேண்டும்.

இரண்டு வருடம் என்பது நீண்ட காலம். முதல் மாதம் அவள் போத்தலில் பால் கொடுத்தாள். பிறகு அது குசினிக்குள் வரத் தொடங்கியது. கழுவிக் காயப்போட்ட முந்தானையைச் சப்பும். அவள் அடிக்கப் போவாள், அது அவளுடைய கையை நக்கும், அவள் "போடா கிறுக்கா" என்பாள். பெயர் வைக்கவில்லை. வைக்கக்கூடாது என்று இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது. கிடாய் என்றுதான் கூப்பிட்டோம். ஆனால் நான் வேலை விட்டு வரும் சைக்கிள் சத்தம் ஒழுங்கை முனையில் கேட்டதும் அது கத்தும். எனக்காகச் சத்தம் போட்டு வரவேற்கிற உயிர் அதற்கு முன் எங்கள் வீட்டில் இருந்ததில்லை.

நான் அதற்குச் செய்த மரியாதை தவிடு. ஆலையில் தவிடு பல வகையாக விழும். அதில் மாவு போல வரும் மெல்லிய தவிட்டை நானே அரித்து எடுத்து, காலையும் மாலையும் கொடுத்தேன். பச்சை இலை, குழை எல்லாம் ஏழை வீட்டு ஆட்டுக்குத்தான் என்று நினைத்தேன். எங்கள் கிடாய் உருண்டு திரண்டு மினுங்கியது. ஒழுங்கையில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள்.

பெருநாளுக்கு ஒன்றரை மாதம் இருக்கும்போது ஒரு பின்னேரம் மனைவி கூப்பிட்டாள்.

"இஞ்ச பாருங்க. காலப் பரப்பிக்கிட்டு நிண்டு முக்குது. சொட்டுச் சொட்டாத்தான் விழுது."

அது நின்றுகொண்டு பல்லைக் கடித்தது. கடிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. எங்கள் பகுதி மிருக வைத்தியர் வந்தார். வயிற்றைத் தடவினார், ஊசி போட்டார். அடுத்த நாளும் வந்து பார்த்துவிட்டு, "கல்லு அடச்சிரிக்கி. முழுசா அடைக்கல்ல, அதான் உயிரோட நிக்கிது. என்ட கையில வேண்டிய சாமான் இல்ல. கண்டிப் பக்கம் பிள்ளைகள் படிக்கிற பெரிய மிருக ஆஸ்பத்திரி இரிக்கி. நாளைக்கே கொண்டு போனா பாக்கலாம்" என்று ஒரு கடிதம் எழுதித் தந்தார்.

செய்தி வேலிக்கு அப்பால் போனது. என்னை அண்ணன் முறை வைத்துக் காக்கா என்கிற பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

"காக்கா, ஹயாத்து இரிக்கக்குள்ளயே அறுத்துருங்க. நாலு வீடு பங்கு போடுவம். செத்துப் போனா ஒண்டுக்கும் உதவா."

அவர் சொன்னதில் பிழை இல்லை. ஆனால் இன்று அறுத்தால் அது வெறும் இறைச்சி. பெருநாளுக்கு முன் அறுப்பது உழ்ஹிய்யா ஆகாது. நான் திரும்பி மனைவியைப் பார்த்தேன். அவள் கிடாயின் முதுகில் கை வைத்துக்கொண்டிருந்தாள்.

"வலியோட அறுக்க வேணாம்" என்றாள்.

அவளுடைய தம்பி மரக்கறி லொறி ஓட்டுகிறவன். மலைநாட்டுக்கு வெறும் லொறியோடு போய் லீக்ஸ், கரட், கோவா ஏற்றி வருவான். அவனிடம் கேட்டேன்.

"மச்சான், மனிசருக்கே ஆஸ்பத்திரியில இடமில்ல, ஒங்கட கிடாய்க்கு மலையேறணுமா?" என்று சிரித்தான். பிறகு, "சரி, ஏத்துங்க. போகக்குள்ள லொறி வெறுமதானே. ஆனா பின்னுக்கு நீங்கதான் இரிக்கணும். அந்த வெடில் நாத்தத்துக்கு நான் பொறுப்பில்ல" என்றான்.

சுபஹ் தொழுதுவிட்டுக் கிளம்பினோம். மனைவி ஜும்ஆவுக்குப் போடுகிற என்னுடைய சேர்ட்டை அயன் பண்ணித் தந்திருந்தாள். படித்தவர்கள் இருக்கிற இடம் என்று. அம்பாறை தாண்டும் முன்னே அதில் கிடாய் வாசனை ஏறிவிட்டது. மகியங்கனைக்குப் பிறகு வளைவுகள் வந்தன. சமதரையைத் தவிர வேறெதுவும் காணாத பிராணி, ஒவ்வொரு வளைவிலும் என் மேல் சாய்ந்தது. மேலே போகப் போகக் குளிர்ந்தது. என் பழைய சாரத்தை அதன் முதுகில் போர்த்தி, நான் அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு போனேன். லொறியில் யாரும் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அப்படிப் பிடித்திருக்க மாட்டேன்.

மச்சான் எங்களை வாசலில் இறக்கிவிட்டுச் சந்தைக்குப் போனான். அங்கே நாய்கள், பூனைகள், கூட்டில் ஒரு கிளி. எல்லாம் மனிதர்களுடைய மடியில் இருந்தன. ஆட்டோடு வந்தவன் நான் ஒருவன்தான். நாய்கள் எழும்பி நின்று பார்த்தன. காவல்காரர் கையைக் காட்டி எங்களைப் பின்பக்கம் அனுப்பினார், ஆடு மாடு பார்க்கிற இடத்துக்கு. அங்கே சீமெந்துத் தரை, இரும்புக் குழாய் அடைப்பு. முழங்கால் வரை பூட்ஸ் போட்ட பிள்ளைகள் நின்றார்கள். முக்கால்வாசிப் பேர் பெண் பிள்ளைகள்.

அவர்களில் ஒருத்தி என் கையில் இருந்த கடிதத்தைப் பார்த்துவிட்டுத் தமிழில், "எந்த ஊர் அங்கிள்?" என்றாள்.

"கல்முனை."

"நான் தம்பிலுவில்!" என்று எங்கள் கரையோரத்து ஊரின் பெயரைச் சொல்லி, சொந்தக்காரரைக் கண்டது போலச் சிரித்தாள். "இவ்வளவு தூரம் ஆட்டோட வந்தீங்களா?"

அவள்தான் அன்று எனக்கு வாயும் காதும். ஒரு அட்டை எடுத்து எழுதத் தொடங்கினாள். என் பெயர், ஊர், ஆட்டின் வயது.

"ஆட்டுக்குப் பேர்?"

"பேர் இல்ல."

"அட்டையில கேட்டிருக்கு அங்கிள். என்ன சொல்லிக் கூப்பிடுவீங்க?"

"கிடாய் எண்டுதான்."

அவள் அப்படியே எழுதினாள். அடுத்த கேள்வியை அவள் வாயால் கேட்கவே இல்லை. நான் அப்போது சாரத்தின் நுனியால் கிடாயின் கண்ணில் வடிந்த நீரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அதைப் பார்த்தாள். "அது கேக்கத் தேவையில்ல. செல்லம்தான்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு ஒரு பெட்டியில் சரி போட்டாள். அதற்குக் கீழே இன்னொரு பெட்டி வெறுமையாக இருந்தது. "அதென்ன மகள்?" என்று கேட்டேன். "இறைச்சிக்கு வளக்கிற ஆடு எண்டா அதில போடுவம்" என்றாள்.

அந்த நேரம் நான் சொல்லியிருக்கலாம். ஒரு சொல்தான். ஆனால் அவள் கிடாயின் காதடியைச் சொறிந்துகொண்டிருந்தாள், அது அவளுடைய கையில் தலையைச் சாய்த்திருந்தது. எனக்கு நாக்கு எழும்பவில்லை.

அதன் பிறகு அவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். ஒருவர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார், அவர் போனதும் அடுத்தவர் அதே இடத்தில் வைத்துக் கேட்டார். காய்ச்சல் பார்க்கிற கருவி ஒன்று போய் இன்னொன்று வந்தது. எட்டுப் பேரும் என்னிடம் ஒரே கேள்விகளைக் கேட்டார்கள், தம்பிலுவில் பிள்ளை சிங்களத்திலிருந்து தமிழுக்கு மாற்றித் தந்தாள்.

"எப்ப தொடக்கம் அங்கிள்?"

"மூணு நாள். ஒண்டுக்கு... சரியாப் போறல்ல."

"மூத்திரம் சொட்டா வருதா, நூல் மாதிரி வருதா?"

நான் தரையைப் பார்த்தேன். "சொட்டு."

"ரெத்தம் கலந்து வருதா? மூத்திரம் போகக்குள்ள கத்துறாரா?"

அந்தச் சொல்லை அவள் அரிசி, பருப்பு என்று சொல்வது போலச் சொன்னாள். எனக்குக் காது சுட்டது. மூன்றாவது பிள்ளை கேட்கும்போது, இவர்கள் என்னை நம்பவில்லை, அதனால்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள் என்று நினைத்தேன். ஐந்தாவது பிள்ளை கேட்கும்போதுதான் விளங்கியது. அவர்கள் கேட்கப் பழகுகிறார்கள். அங்கே போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: அவசரப்பட்டுக் கோபிக்க வேண்டாம். உங்கள் பிராணியும் நீங்களும் அவர்களுடைய பாடம். என் வாழ்நாளில் நான் சொன்னதை யாரும் கொப்பியில் எழுதியதில்லை. அன்று எட்டுப் பேர் எழுதினார்கள். அது விளங்கிய பிறகு நானும் கொஞ்சம் ஒழுங்காகச் சொன்னேன்.

பிறகு அவர்களுக்குப் படிப்பிக்கிற சேர் வந்தார். கட்டையான மனிதர், நரைத்த தலை. கிடாயைத் தொடும் முன் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். சிங்களத்தில் ஏதோ கேட்டார்.

"என்ன தீன் குடுக்கிறீங்க எண்டு கேக்கிறார்."

இது எனக்குப் பிடித்த கேள்வி. முதல் தடவையாக நான் நீட்டிப் பேசினேன். ஆலையில் விழுகிற தவிட்டில் எது நல்லது, எப்படி அரிப்பேன், எத்தனை வேளை கொடுப்பேன், இலை குழையை எப்படிக் குறைத்தேன். அவள் சொல்லச் சொல்ல எல்லோரும் குனிந்து வேகமாக எழுதினார்கள். சேர் விரலைத் தூக்கி அவர்களிடம் ஏதோ கேட்டார், மூன்று பேர் ஒரே நேரத்தில் பதில் சொன்னார்கள். என் தவிட்டைத்தான் மெச்சுகிறார்கள் என்று எண்ணிக்கொண்டு நின்றேன்.

மயக்க ஊசி போட்டார்கள். கிடாயை மனிதன் உட்காருவது போலப் பின்பக்கத்தில் உட்கார வைத்து, இரண்டு பிள்ளைகள் கால்களைப் பிடித்தார்கள். என்னைத் தலையைப் பிடிக்கச் சொன்னார்கள். கிடாயின் குறி நுனியில் புழுப் போல ஒரு சின்ன வால் இருக்கிறது, கல் வந்து நிற்பது பெரும்பாலும் அதில்தான். சேர் அதைப் பிள்ளைகளுக்குக் காட்டி, விளக்கி, ஒரு வெட்டு வெட்டினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஒரு நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு தண்ணீர்க் குழாய் திறந்தது போல ஒரு சத்தம். கண்ணைத் திறந்தபோது சேருடைய பூட்ஸ் நனைந்துகொண்டிருந்தது, பிள்ளைகள் கை தட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு கிடாய் மூத்திரம் போனதற்குப் படித்த பிள்ளைகள் கை தட்டியதை நான் பார்த்தேன். எனக்கும் தட்ட வேண்டும் போல இருந்தது, கையில் கிடாயின் தலை இருந்தது.

சேர் ஒரு துணித்துண்டை என்னிடம் நீட்டினார். அதில் கடல் மணல் போல நாலைந்து வெள்ளைப் பொட்டுகள்.

தம்பிலுவில் பிள்ளை தயங்கினாள். "அங்கிள், குறை நினைக்காதீங்க. இது அந்தத் தவிட்டால வந்தது. தவிடு கூடினா கிடாய்க்குக் கல்லுப் பிடிக்குமாம். இலை குழை தின்னணும், நிறையத் தண்ணி குடிக்கணும்."

துணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இரண்டு வருடமாக நான் அரித்து அரித்து ஊட்டியது இதைத்தான். அது பல்லைக் கடித்த சத்தம் திரும்ப எனக்குக் கேட்டது.

"தெரியாமத்தானே அங்கிள்" என்றாள். "எங்களுக்கும் இண்டைக்குத்தான் நேர்ல தெரிஞ்சது."

அடுத்து சேர் அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். ஒரு பிள்ளை ஊசியில் மருந்தை இழுத்தாள்.

"புண்ணுக்கு நல்ல மருந்து" என்று எனக்கு விளக்கினாள் தம்பிலுவில் பிள்ளை. "இறைச்சி ஆட்டுக்கு இதக் குடுக்கிறல்ல. மருந்து இறைச்சியில நிக்கும், திங்கிற ஆக்களுக்குக் கூடாது. உங்கட கிடாய் செல்லம்தானே, அதால குடுக்கலாம்."

ஊசி கிடாயின் கழுத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. அந்த நேரம் மனதில் நான் கண்டது எங்கள் ஒழுங்கையை. ஒவ்வொரு கேற்றடியிலும் பையோடு நிற்கிறேன், உள்ளே பிள்ளைகள் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். இத்தனை வருட ஆசை அது. இப்போது வாய் திறக்காவிட்டால் அந்தப் பைகளில் நான் எதைக் கொண்டுபோவேன்?

"மகள், நிப்பாட்டுங்க."

என் குரல் பெரிதாக வந்துவிட்டது. எட்டுப் பேரும் திரும்பினார்கள்.

"அட்டையில பிழை. நான்தான் சொல்லாம விட்ட. இது உழ்ஹிய்யாக் கிடாய். பெருநாளைக்கு... குடுக்கிறதுக்கு வளக்கிற."

அவள் என்னைப் பார்த்தாள். அவளுடைய கை கிடாயின் நெற்றியில் இருந்தது, அதை எடுத்துக்கொண்டாள். பிறகு சிங்களத்தில் மெதுவாகச் சொன்னாள். ஒரு பையன் மற்றவனிடம் ஏதோ முணுமுணுத்தான், சேர் அவனைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.

என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். சேர் ஊசியைக் குப்பையில் போடச் சொல்லிவிட்டு, "பெருநாள் எப்ப?" என்று மட்டும் அவள் மூலம் கேட்டார். சொன்னேன். சுவரில் இருந்த கலண்டருக்குப் போய் விரலால் நாட்களைத் தள்ளி எண்ணினார். வேறு மருந்து எடுக்கச் சொன்னார். ஒரு தாளில் ஒரு திகதி எழுதி, அதன் கீழ் இரண்டு கோடு போட்டுத் தந்தார். அந்தத் திகதிக்கு முன் அறுக்கக்கூடாது. பெருநாள் அதற்குப் பிறகுதான் வந்தது. கடைசியாகப் பிள்ளைகளைப் பார்த்து ஏதோ சொன்னார்.

"என்ன சொன்னார் மகள்?"

"கேக்காம சரி போட்டது என்ட பிழையாம்" என்றாள். அவளுடைய முகம் சிவந்திருந்தது.

"இல்ல புள்ள. நான் பாத்துக்கிட்டுத்தான் நிண்டேன்."

அவள் அந்தச் சரியை வெட்டிவிட்டுக் கீழ்ப் பெட்டியில் போட்டாள். போட்டுவிட்டு அட்டையையே பார்த்தாள். அந்த இரண்டு பெட்டிகளைப் பற்றி நான் பிறகு பல நாள் யோசித்திருக்கிறேன். ஆஸ்பத்திரிக்கு இரண்டில் ஒன்று தெரிய வேண்டும், அது நியாயம். ஆனால் எங்கள் வீட்டில் அந்தக் கிடாய் இரண்டு பெட்டியிலும்தான் இருந்தது. விருப்பமில்லாத ஒன்றைக் கொடுப்பதென்றால் நான் கடையில் வாங்கிக் கொடுத்திருப்பேன். இதை அன்று அவளுக்குச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஆனால் மயக்கம் தெளிந்து கிடாய் தலையைத் தூக்கியபோது, அவள் திரும்பவும் குனிந்து அதன் காதடியைச் சொறிந்தாள்.

"அங்கிள், உங்கட நம்பரத் தாங்க. இவரப் பத்தி நான் எழுதிக் குடுக்கணும். எப்பிடி இருக்கார் எண்டு கேட்டு ஃபோன் எடுப்பேன்."

பின்னேரம் மச்சான் வந்தான். மரக்கறிச் சாக்குகளுக்கு நடுவில் இடம் பண்ணிக் கிடாயை ஏற்றினோம். நானும் அதோடு ஏறினேன். மகியங்கனையில் தேத்தண்ணிக்கு நிறுத்திய இடத்தில் அவன் பின்கதவைத் திறந்து பார்த்துக் கத்தினான்.

"மச்சான்! ஒங்கட நோயாளி என்ட லீக்ஸ் ஒரு கட்டு முடிச்சிரிக்கார்!"

"இலை குழை குடுக்கச் சொன்னாங்க" என்றேன். அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். நான் பகிடி விட்டது அவனுக்குப் புதிது.

தவிட்டை நிறுத்தினேன். ஆலை முடிந்து வரும் வழியில் பூவரசு, முருங்கை, கிளிசரியா என்று குழை ஒடித்துச் சைக்கிளில் கட்டி வந்தேன். மௌலவியிடம் போய், நுனி வெட்டிய கிடாய் உழ்ஹிய்யாவுக்கு ஆகுமா என்று கேட்டேன். எந்த நுனி என்று அவர் கேட்க, அதையும் சொல்ல வேண்டி வந்தது. அவர் யோசித்துவிட்டு, அது குறை இல்லை என்றார். தம்பிலுவில் பிள்ளை இரண்டு தடவை ஃபோன் எடுத்தாள். நான் மனைவியிடம் ஃபோனைக் கொடுத்துவிட்டேன். இரண்டு பேரும் குழையைப் பற்றி நீளமாகக் கதைத்தார்கள்.

பெருநாள் காலை தொழுகைக்குப் பிறகு, கிடாய்க்குத் தண்ணீர் காட்டினேன். குடித்தது. மனைவி அதன் நெற்றியைத் தடவிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அறுக்கிறவருக்குப் பக்கத்தில் நான் நின்றேன். தலையை நான்தான் பிடித்தேன், ஆஸ்பத்திரியில் பிடித்தது போலவே. அன்று கண்ணை மூடியவன் இன்று மூடவில்லை.

பகல் முழுதும் வீடு வீடாகப் போனேன். கேற்றடியில் நின்று கூப்பிட எனக்குக் குரல் வரவில்லை, கேற்றைத் தட்டினேன். பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு கையாலும் வாங்கி, "காக்கா, நான் அண்டைக்கு அறுக்கச் சொன்னத மனசில வைக்காதீங்க" என்றார். எங்களுக்கென்று வைத்த பங்கையும் மனைவி பையில் போட்டுத் தந்தாள். அன்று எங்கள் வீட்டில் பருப்பும் சோறும்தான்.

பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு ஃபோன் அடித்தது. வாசலில் மச்சானும் இன்னும் நாலு பேரும் இருந்தார்கள். மனைவி தொழுதுகொண்டிருந்ததால் நானே எடுத்தேன்.

"பெருநாள் வாழ்த்து அங்கிள்" என்றாள் அந்தப் பிள்ளை. "குடுத்திட்டீங்களா?"

"ஓம் மகள். காலையில."

அங்கே அவள் தாள் புரட்டுவது கேட்டது.

"என்ட கொப்பியில கடைசி வரி எழுதணும் அங்கிள். அதுக்குப் பிறகு அவருக்கு வலி இருந்ததா?"

வாசலில் எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு எந்தக் கூச்சமும் வரவில்லை.

"இல்ல மகள்" என்றேன். "எழுதிக்கங்க. கடைசி நாள் வரைக்கும் நல்லா மூத்திரம் போனார். நூல் மாதிரி இல்ல, குழாய் மாதிரி."